கைபிரேக்

சென்ற தை மாதத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த கார் யாரும் தொடாமல் தெருவில் இறங்கியது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒன்றரையடி உயரத்துக்கு ஒரு சிமெண்டுச் சரிவு. சோழவரம் ஏரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் மழைக்குப் பயந்து தளத்தை உயர்த்திக்கொண்டே போவதால் வந்த சரிவு அது. அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய அரிசி மூட்டையை டிக்கியில் போட்டு மூடிவிட்டு, சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போயிருந்தேன். கைபிரேக்கை இழுத்துத்தான் விட்டிருந்தேன். கியரில் போட்டிருக்கலாம், போடவில்லை. வண்டி பின்பக்கமாக உருண்டு எதிர்வீட்டுத் துவைகல்லில் முட்டி நின்றது. பம்பர் நசுங்கியது. அதற்கு ஐந்து நிமிஷம் முன்புவரை அம்மா அந்த இடத்தில்தான், வண்டிக்குப் பின்னால் குனிந்து, கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலத்தின் மேல் இரண்டு சக்கரத் தடங்கள்.

அம்மா பதறவில்லை. "நல்ல வேளை, எதிர்வீட்டுப் புள்ளைங்க இன்னும் எழுந்து வரல" என்றாள். தான் அங்கே இருந்தது அவள் கணக்கில் வரவே இல்லை. நான் அன்று கவுண்டரில் உட்கார்ந்து இரண்டு முறை பணத்தைத் தப்பாக எண்ணினேன். பதினான்கு வருஷ உத்தியோகத்தில் ஒரே நாளில் இரண்டு முறை அப்படி நேர்ந்ததில்லை.

செங்குன்றத்தில் வழக்கமாக வண்டியைக் காட்டும் மெக்கானிக் சிரித்தார். "கியர்ல போட்டு நிறுத்துங்க சார். கீழ ஒரு கல்லு வைங்க. ஹேண்ட் பிரேக்கையெல்லாம் இப்ப யாரு சார் பாக்கறாங்க?" அவர் சொன்னதில் பொய் இல்லை. பின்சக்கரத்துக்கும் டிஸ்க் வைத்த என் வண்டி போன்றவற்றில் கைபிரேக் ஒரு தனிப்பிறவி. டிஸ்க்கின் நடுப்பகுதி தொப்பி மாதிரிக் குழிந்திருக்கும். அந்தத் தொப்பிக்குள் ஒரு சின்ன டிரம். டிரம்முக்குள் பிறைவடிவத்தில் இரண்டு ஷூக்கள். லீவரை இழுத்தால் கேபிள் இழுபட்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற வண்டியை நிறுத்துவது காலுக்குக் கீழே உள்ள வேறு பிரேக். அது தேய்கிறது, ஆகவே கவனிக்கப்படுகிறது. நிற்கிற வண்டியை நிற்கவைப்பது மட்டும்தான் இந்த ஷூக்களுக்கு வேலை. நின்ற சக்கரத்தில் உராய்வு ஏது? தேய்வதில்லை; தேயாததால் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. ஏரிக்காற்றின் ஈரத்தில் வருஷக்கணக்காகச் சும்மா இருந்து, இரும்புக்கும் மேலே ஒட்டிய லைனிங்குக்கும் இடையில் துரு புகுந்து, பசை விட்டு, லைனிங் பொருக்கு மாதிரி உரிந்துவிடுகிறது. உழைத்துத் தேய்வதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். இது சும்மா இருந்தே கழன்றுபோவது. இலக்கிய விமர்சனத்தில் இந்த இரண்டாம் வகைக்குச் சில பெயர்களைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்; பட்டியலில் நானும் வருவேன்.

மெக்கானிக் செய்யாததால் நானே செய்வது என்று தீர்மானித்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. வேறு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பிரேக் ஷூ மாற்றுவதற்கு இன்னொருவனிடம் போய் நிற்பது எங்கள் வீட்டில் முறையல்ல என்பது மீதிப் பாதி.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நானும் அவர் இருந்தவரை அப்படித்தான் கூப்பிட்டேன். எழுதும்போது 'அப்பா' என்று வருகிறது, அது பி.ஏ. ஆங்கில இலக்கியம் செய்த வேலையோ என்னவோ. அப்பா 1978லிருந்து 2004 வரை ஜி.என்.டி. ரோட்டில் ஒரு லைனிங் கடையில் வேலை பார்த்தார். கல்கத்தா சாலை, அப்போது ஐந்தாம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்போது பதினாறு. ஆந்திராவிலிருந்து வருகிற லாரிகளும் செங்குன்றம் அரிசி மில்களுக்குப் போகிற லாரிகளும் அந்தக் கடை வாசலில் வரிசையாக நிற்கும். லாரியின் பிரேக் ஷூ ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். பழைய ரிவிட்டுகளைத் தட்டி எடுத்து, தேய்ந்த லைனிங்கைக் கழற்றி, இரும்பைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, புது லைனிங்கைப் பொருத்தி ரிவிட் அடித்து, விளிம்பை கிரைண்டரில் சாய்வாகச் சீவவேண்டும். சீவும்போது சாம்பல் நிறத்தில் ஒரு தூள் பறக்கும். அப்பாவின் புருவம், இமை, காதுமடலின் உள்மடிப்பு எல்லாவற்றிலும் அது படிந்திருக்கும். ஷூவை லாரிக்காரரிடம் கொடுக்குமுன் முகத்துக்கு நேரே தூக்கி, கண்ணை இடுக்கி, கன்னம் உப்ப ஒரு ஊது. ஒரு காரியம் முடிந்தது என்பதற்கு அவர் வைத்த அடையாளம் அது. லீவு நாட்களில் சாப்பாட்டுத் தூக்குடன் போவேன். எனக்கும் ஊதக் கற்றுக்கொடுத்தார். "வாய்க்குள்ள காத்த நிறுத்தி, ஒரே மூச்சு. துப்பறா மாதிரி ஊதக்கூடாது." அம்மா சாயங்காலம் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைகல்லுக்குக் கொண்டுபோய், நனைப்பதற்கு முன்னால் நாலு உதறு உதறுவாள்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். 2013இல், இதைப்போன்ற ஒரு சிறுபத்திரிகையில், புதுக்கவிதையில் தூசி என்ற படிமம் குறித்து பதினோரு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினேன். 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து அந்நாள் வரை அச்சான கவிதைகளில் தூசி, துரு, சாம்பல், புழுதி எங்கெல்லாம் வருகின்றன என்று குறிப்பெடுத்து, தூசி என்பது காலம் பொருளிடமிருந்து வசூலிக்கும் வட்டி என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். வங்கிக்காரன் புத்தி. நண்பர்கள் சிலர் அந்த வாக்கியத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அப்போதே மூச்சு அவருக்குச் சுலபமாக வராது. படுத்தால் வராது, உட்கார்ந்தால் கொஞ்சம் வரும்.

"இன்னா எழுதற?" என்று கேட்டார்.

"தூசியைப் பத்தி, நைனா."

"தூசியைப் பத்தி எழுதறதுக்கு இன்னா கீது?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கியபின், "துட்டு தராங்களா?" என்றார். இல்லை என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 2016இல் இறந்தார். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் பீடி பிடிப்பாரா என்று கேட்டார்கள். பிடித்தார், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. என்ன வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பதினோரு பக்கம் எழுதிய நானும் கேட்கவில்லை.

ஷூக்களை சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு ஷூக்கள், ஸ்பிரிங் பொட்டலம் தனி. திரும்புகிற பஸ்ஸில் அட்டைப்பெட்டியைப் படித்துக்கொண்டு வந்தேன். அச்சிட்ட எதையும் படிக்காமல் விடமுடியாத நோய். பெட்டியின் ஒரு மூலையில், பச்சை வட்டத்துக்குள், ஆங்கிலத்தில் நான்-ஆஸ்பெஸ்டாஸ் என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் யாரோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எனக்குக் கூரை. எங்கள் பழைய வீட்டுக் கூரை, லைனிங் கடையின் கூரை. பிரேக்கில் அது இல்லை என்று ஒருவன் ஏன் மெனக்கெட்டு அச்சடிக்கவேண்டும்? இல்லை என்று சொன்ன பிறகுதான் முன்பு இருந்தது என்பது உறைத்தது. மூலக்கடை தாண்டும்வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் ஷூ என்ற பெயருக்கே ஒரு கதை உண்டோ என்று நினைக்கும்படி, லைனிங்கின் பூர்வீகம் செருப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் வண்டிக்காரர்கள் மரத்தாலான பிரேக் கட்டைமேல் பழைய பூட்ஸ்களை ஆணியடித்து வைப்பதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு லைனிங் யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1897இல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் ஃபெரோடோ. முதலில் பருத்தியும் பிசினும் கலந்து செய்து பார்த்தார்கள், சூட்டில் கருகியது. கருகாத நார் ஒன்று வேண்டியிருந்தது. கல்நார் கிடைத்தது. தமிழில் கல்நார் என்பது எவ்வளவு ஸ்பஷ்டமான சொல்! கல்லும் நாரும் ஒன்றாயிருக்கும் அதிசயத்தை இரண்டசைக்குள் அடக்கிய அந்தச் சொல்லை நம் கவிஞர்கள் யாரும் எடுத்தாளாதது ஏன் என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததற்காக வெட்கப்பட்டேன். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகத்து லாரிகளும் கார்களும் அந்த நாரை உரசித்தான் நின்றன. நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிரிந்து மூச்சோடு உள்ளே போகும், திரும்பி வராது. உள்ளே போவதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் நடுவே இருபது, முப்பது, சில சமயம் நாற்பது வருஷங்கள். வேலை பார்த்தவரின் துணியை உதறித் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் அது வந்திருக்கிறது. பிரிட்டன் 1999இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2005இல் தடை வந்தது. இங்கே வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து கூரைத் தகடு போடுவது இன்னும் நடக்கிறது.

1995 ஜனவரியில் நம் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நிலைப் பதிவேட்டையும் அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது வருஷம், அல்லது வேலையை விட்டபின் பதினைந்து வருஷம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கவேண்டும் என்று. எங்கள் வங்கியில் பேரேடுகளை எட்டு வருஷம் காப்பாற்றவேண்டும் என்று விதி. அதற்கே இடம் போதாமல் பழைய வவுச்சர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். ஆகவே நாற்பது வருஷம் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, அம்மாடி, எவ்வளவு பெரிய அலமாரி வேண்டும் என்பது. அந்தக் கணக்குப்படி அப்பாவின் பதிவேடு 2019 வரை இருந்திருக்கவேண்டும். லைனிங் கடையில் ஒரே ஒரு நோட்டுப்புத்தகம்தான் இருந்தது. அதில் லாரி நம்பர்களும் கடன் பாக்கியும் இருந்தன. நீதிபதிகள் மனத்தில் இருந்தது ஃபாக்டரிகள், சுரங்கங்கள். ரோட்டோரத்தில் ஓலையும் தகடும் வேய்ந்த இடத்துக்கு எந்தத் தீர்ப்பும் பஸ் பிடித்து வந்து சேராது.

ஞாயிற்றுக்கிழமை காலை பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். ஸ்பேனர்கள் எண்ணெய்த் துணியில் சுற்றியபடியே இருந்தன. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். கைபிரேக்கை விடுவித்தேன். பின்பக்கம் ஜாக்கி, அதன்பின் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை விடாதே என்பது அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இன்னொன்று, இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் பிரிக்காதே. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கட்டலாம். மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கச் சொல்லும் அந்த நேர்மை நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் பின்புறத்து இரண்டு போல்ட்டுகளை எடுத்து, ஹோஸில் தொங்காதபடி காலிப்பரைக் கம்பியால் மேலே ஸ்பிரிங்கோடு கட்டினேன். டிஸ்க் வரவில்லை. துரு பிடித்து ஒரே இரும்பாக இறுகிப்போயிருந்தது. டிஸ்க்கின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் திருப்பு, கால் திருப்பாக இறுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மண்வெட்டியால் கல்லை அடித்ததுபோல் ஒரு சத்தம். டிஸ்க் என் கையில் விழுந்தது.

உள்ளே லைனிங் இரண்டு துண்டாகக் கழன்று, டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் அரைபட்டு, கீழ்ப்பகுதி முழுவதும் தூளாகக் கிடந்தது. சாம்பல் நிறம், நடுநடுவே துருச் சிவப்பு. நான் டிஸ்க்கை முகத்துக்கு நேரே தூக்கியிருந்தேன். கண்ணை இடுக்கியிருந்தேன். கன்னம் உப்பியிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததை உடம்பு மறக்கவில்லை. அது நினைவு என்றுகூடச் சொல்லமுடியாது. அனுபவம், பிரக்ஞை என்றெல்லாம் நாம் எழுதுகிறோமே, அவற்றுக்கெல்லாம் முந்தி வந்தது அது. அப்படியே நிறுத்தினேன். வாயில் அடைத்த காற்றை மூக்கு வழியாக, தலையைத் திருப்பி, வெளியே விட்டேன்.

கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு, அம்மா செடிகளுக்குத் தெளிக்கும் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கரைத்து, தூளின் மேல் தெளிக்க ஆரம்பித்தேன். அந்த மாஸ்க் இந்த நாருக்குப் போதாது என்றும் படித்திருந்தேன். இந்த ஷூக்களில் கல்நார் இருந்ததா என்பதை அவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எனவே இருந்தது என்றே வைத்துக்கொண்டேன். அம்மா டீ கொண்டுவந்தாள்.

"காருக்கு எதுக்குடா மாஸ்க்கு?"

"தூசிம்மா."

"ஊதிவுட்டா போவுது. உங்க நைனா இன்னா தண்ணியா தெளிச்சாரு?" என்று பக்கத்தில் குனிந்தாள். அவளே ஊதப்போகிறாள் என்று தெரிந்து தோளைப் பிடித்துத் தள்ளினேன். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டேன். டீ சிந்தியது. "இன்னாடா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம், ஒவ்வொரு சாயங்காலமும் துவைகல்லருகே அவள் உதறிய சட்டை. அதற்கும் அடுத்தது, இருபத்தாறு வருஷ உதறலுக்குப் பின் அவளுடைய நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. அவளுக்கு அறுபத்தாறு வயது. இருமல் கிடையாது, மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். போன மாதம் வங்கி மருத்துவத் திட்டத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். அப்பாவைக் கொன்றது பீடியா, லைனிங்கா, இரண்டும் சேர்ந்தா என்று இனி யாரும் பிரித்துச் சொல்லமுடியாது. கல்நாரும் புகையும் சேர்ந்தால் ஒன்றையொன்று பெருக்கும் என்று மட்டும் படித்தேன். பிரதிக்கு உண்மையாயிரு என்று மற்றவர்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிற நான் சொன்னது இதுதான்: "ஊதினா கண்ணுல விழும்மா. ஈரம் பண்ணித் தொடச்சா சுத்தமா போயிடும்."

"படிச்சவன் நீ சொன்னா சரி" என்று போய்விட்டாள்.

மீதி வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். ஷூ உரசும் இடங்களில் மட்டும் கிரீஸைப் பொட்டு வைத்ததுபோல் வைத்தேன். லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. ஒரு ஸ்பிரிங் கையிலிருந்து தெறித்து ரோஜாத் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்து அரைமணி நேரம் தேடவைத்தது. இந்த ஸ்பிரிங்கை மாட்டும்போது வரும் வசைச்சொற்கள் எல்லாம் அப்பாவுடையவை என்பதைக் கவனித்தேன். சொந்தமாக எனக்கு ஒன்றுமே இல்லை. டிஸ்க்கை மாட்டியபின், அதிலுள்ள துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்ளேயிருக்கும் பல்சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, டிஸ்க் கையால் சுற்றமுடியாத அளவுக்கு ஷூவை இறுக்கி, பிறகு எட்டுப் பல் பின்னால் தளர்த்தவேண்டும். முழுக்கப் பிடித்து, பிறகு விட்டுக்கொடுப்பது. அந்தப் பக்கம் முடிந்து இந்தப் பக்கமும் முடிய இருட்டிவிட்டது. கழற்றிய பழைய ஷூக்களையும் துடைத்த துணிகளையும் நனைந்தபடியே இரண்டு பாலிதீன் பைகளில் போட்டுக் கட்டினேன். காலையில் குப்பை வண்டியோடு வரும் பெண், பையை அவிழ்த்து, இரும்பு இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்ப்பாள். அவளிடம் கொடுக்க முடியவில்லை. பை இப்போது பரணில், தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று யாராவது சொன்னால் நல்லது.

புது லைனிங் டிரம்மோடு படிவதற்கு, லீவரை லேசாக இழுத்துப் பிடித்தபடி மெதுவாகக் கொஞ்சதூரம் ஓட்டவேண்டும். மறுநாள் சாயங்காலம் பழைய விமான ஓடுபாதை இருக்கும் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் உலகப்போரின்போது போட்ட ஓடுபாதை. பிறகு பல வருஷங்கள் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்ப் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்கென்று பந்தயத் தடம் வந்ததும் சோழவரத்தின் பெயர் பத்திரிகைகளில் வருவது நின்றுபோயிற்று. அப்பா எழுபதுகளில் வேலி ஓரம் நின்று பார்த்தவர். கரிவரதன் ஓட்டியதைப் பார்த்திருப்பதாகச் சொல்வார். எல்லோரும் நேர்கோட்டில் வண்டிகள் பறப்பதைப் பார்க்க முண்டியடிக்கும்போது அவர் மட்டும் திருப்பத்தில் போய் நிற்பாராம். எவன் கடைசிவரை பிரேக் போடாமல் வருகிறான், போட்டபின் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அங்கேதான் தெரியும். போட்ட இடத்தில் தூளின் மணம் வரும் என்பார். அந்த மணம் எப்படியிருக்கும் என்று கேட்டதற்கு, யோசித்து, "நம்ம கடை மாரிதான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

லீவர் இப்போது ஆறு கிளிக்கில் நிற்கிறது. சரிவில் நிறுத்தி, கியர் இல்லாமல், நானே வண்டியைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இருந்தும் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு செங்கல்லும் வைத்துவிட்டுத்தான் படுக்கப்போனேன்.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அம்மா வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்தாள். செங்கல் திண்ணைமேல் இருந்தது. "அத்த ஏம்மா எடுத்த?" என்று கத்தினேன்.

"கோலத்துக்கு எடம் இல்லடா" என்றாள், நிமிராமல்.